சிந்திக்கத் தனி பீரியட் வேண்டுமா?

நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"என் மகள் எட்டாவது படிக்கிறாள். அவள் பள்ளியில் இந்த ஆண்டிலிருந்து வாரம் ஒரு பீரியட் 'கிரிட்டிக்கல் திங்கிங்'. அதற்குத் தனிப் புத்தகம், தனி டீச்சர், தனிக் கட்டணம். எனக்குச் சந்தோஷம்தான். நான் படித்த காலத்தில் எல்லாமே மனப்பாடம்; இன்று ஒன்றும் நினைவில்லை. மாநிலக் கல்விக் கொள்கையும் வந்துவிட்டது. மனப்பாடத்தை அடியோடு ஒழித்துவிட்டு இந்த மாதிரி சிந்தனை வகுப்பை எல்லாப் பள்ளியிலும் கட்டாயமாக்கினால் என்ன? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

2025 ஆகஸ்ட் 10, காலை

வேண்டாம்.

ஆகஸ்ட் 10, மதியம்

ஒற்றைச் சொல்லில் பதில் போட்டதற்குத் திட்டு விழுந்திருக்கிறது. சரி, விளக்குகிறேன். பெரம்பூரில் இருக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது மொட்டை மாடியில் ட்யூஷன், ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை கலந்துகட்டி.

ஒரு பிள்ளை கொண்டுவந்த அப்படியொரு சிந்தனைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். சிவப்புத் தொப்பிக்காரன் பொய்தான் சொல்வான், நீலத் தொப்பிக்காரன் உண்மைதான் சொல்வான், இருவரில் திருடன் யார். ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்ப்பது எப்படி. நல்ல புதிர்கள்தான். புல்லுக்கட்டுப் புதிரை என் பாட்டியே போட்டிருக்கிறார், கட்டணம் வாங்காமல். புதிர் போட்டுப் பழகியவர்கள் புதிரில் தேறுவார்கள். அதே பிள்ளை சமூக அறிவியல் வகுப்பில் 'இந்தக் கல்வெட்டை யார் வெட்டினார்கள், அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதை எவ்வளவு நம்பலாம்' என்று கேட்பாளா? நான் பார்த்தவரை கேட்பதில்லை. அங்கே கேட்க வேறு சரக்கு வேண்டும்.

ஆகஸ்ட் 10, இரவு

மாலை வகுப்பில் ஒரு வேலை செய்தேன். ஆறாவது, ஏழாவது பிள்ளைகளுக்குப் பலகையில் இதை எழுதிப் போட்டேன்: 'பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பேருந்தில் 26 ஆண்கள், 10 பெண்கள் இருக்கிறார்கள். கண்டக்டரின் வயது என்ன?'

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நோட்டைத் திறந்தார்கள். கோடு போட்டு, 'கொடுக்கப்பட்டவை' என்று தலைப்புப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்தவள்கூட உண்டு. பெரும்பாலோர் 36. ஒரு பையன் மட்டும் முதலில் 16 என்று எழுதி, அதை அடித்துவிட்டு 36 போட்டிருந்தான்.

"ஏன்டா மாத்தின?"

"கழிச்சா பதினாறு வருது மிஸ். பதினாறு வயசுல கண்டக்டர் வேலை தர மாட்டாங்க. அதான் கூட்டிட்டேன்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. அவன் யோசிக்காமல் இல்லை. சட்டத்தையே உள்ளே கொண்டுவந்து யோசித்திருக்கிறான். கேள்வி தப்பாக இருக்கலாம் என்ற ஒரே ஒரு பக்கம் மட்டும் அவன் போகவில்லை.

பின் வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "மிஸ், கணக்குல ஏதோ விட்டுட்டீங்க" என்றாள். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தால் அதிலும் 36.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் எழுதின?"

"எழுதலேன்னா ஜீரோ மிஸ். எழுதினா ஸ்டெப் மார்க்காவது வரும்."

ஆகஸ்ட் 12

"பார்த்தீர்களா, இதற்குத்தான் சிந்தனை வகுப்பு வேண்டும் என்கிறோம்" என்று மூன்று நான்கு பேர் பாய்ந்திருக்கிறார்கள். பொறுங்கள்.

முதலில், அந்தக் கேள்வி என் கண்டுபிடிப்பு இல்லை. பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர் குழு ஒன்று 1970களின் கடைசியில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டது. கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கேப்டனின் வயது என்ன என்று. 97 பிள்ளைகளில் 76 பேர் எண்களை எப்படியோ சேர்த்து ஒரு விடை கொடுத்தார்கள். 2018இல் சீனாவில் ஐந்தாம் வகுப்புத் தேர்வுத்தாளில் அதே கப்பல் மறுபடி வந்தது. அங்கே சமூக வலைத்தளத்தில் ஒருவர், இத்தனை ஆட்டின் எடைக்குக் கப்பல் ஓட்ட எந்த உரிமம் வேண்டும், அதை வாங்க எத்தனை வருட அனுபவம் வேண்டும் என்று பார்த்து, கேப்டனுக்கு 28க்குக் குறையாது என்று கணக்குப் போட்டார். நம் கண்டக்டர் பையனின் அண்ணன் அவர்.

ஆகவே இது தமிழ்நாட்டு மூளையின் குறை இல்லை, மனப்பாடத்தின் குறையும் இல்லை. கீ புரூசோ என்ற பிரெஞ்சுக் கல்வியாளர் இதை வகுப்பறைக்குள் எழுதாமல் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று விளக்கினார். டீச்சர் கேள்வி கேட்டால் அதற்கு விடை உண்டு. கொடுத்த எண்களை எல்லாம் பயன்படுத்த வேண்டும். கேள்வியைக் கேள்வி கேட்பது உன் வேலை இல்லை. இந்த மூன்றையும் எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்கவில்லை. ஆனால் முதல் வகுப்பிலிருந்து மார்க் போட்டுப் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். ஸ்டெப் மார்க் கேட்ட பெண் இந்த ஒப்பந்தத்தை என்னைவிடத் தெளிவாகப் படித்திருக்கிறாள்.

வாரம் ஒரு பீரியட் தொப்பிக்காரன் புதிர் போட்டால் மிச்சம் இருக்கிற பீரியட்களில் இந்த ஒப்பந்தம் கிழிந்துவிடுமா?

ஆகஸ்ட் 13

கண்டக்டருக்கு உண்மையில் வயது என்ன என்று கேட்டவருக்கு: 29சியில் ஏறி, கூட்டத்தில் நசுங்கி, சில்லறை இல்லாமல் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டிக் கேட்டுப் பாருங்கள்.

ஆகஸ்ட் 16

மனப்பாடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இங்கே அதிகம் அடி விழுகிறது.

பவணந்தி முனிவரின் நன்னூல் 13ஆம் நூற்றாண்டு இலக்கணம். பாயிரத்தில் மாணவர்களைத் தரம் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை கடைத்தரம். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளியை அவர் ஃபெயிலாக்கவில்லை, கவனியுங்கள். பாஸ் மார்க் போட்டு நடுவில் உட்கார வைக்கிறார். இன்று மேடைக்கு மேடை திட்டு வாங்கும் அதே கிளிதான். ஒழுகிப்போகிற குடத்தைவிட அது மேல் என்பது அவர் கணக்கு.

பசு ஏன் முதல் தரம்? வயிறு நிறைய மேய்ந்துவிட்டு வந்து, ஒரு இடத்தில் உட்கார்ந்து அசைபோடும், அதனால். மேயாத மாடு எதை அசைபோடும்? இதுதான் நங்கநல்லூர்க்காரருக்கு என் பதிலின் பாதி. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு, கடைக்காரர் போட்ட கூட்டல் தப்பு என்று தோன்றவே தோன்றாது. விடுதலைப் போராட்டத்தில் 1857, 1885, 1919, 1947 இந்த வரிசை மனசில் இல்லாத பிள்ளையிடம், எதனால் எது நடந்தது என்று விவாதிக்கச் சொன்னால் காற்றில்தான் கை வீசும்.

அதே நன்னூல் 'எழுவகை மதம்' என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் கருத்தை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிறுத்தலாம். இரண்டு பேர் முரண்பட்டால் ஒன்றைத் துணியலாம். பிறர் நூலில் குற்றம் காட்டலாம். யாரோடும் ஒட்டாமல் தன் கருத்தைக் கொள்ளலாம். ஒரு நூலாசிரியர் இந்த ஏழில் ஏதோ ஒன்றைச் செய்வார் என்கிறார். 'கிரிட்டிக்கல் திங்கிங்' புத்தகத்துக்கு இதைவிட நல்ல பொருளடக்கம் யாராவது போட்டால் சொல்லுங்கள். ஆனால் என் காலத்தில் பரீட்சையில் என்ன கேட்டார்கள்? 'எழுவகை மதங்கள் யாவை?' ஏழையும் வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண். ஒன்றையாவது செய்து காட்டு என்று யாரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 17

முதலைக் கதை சொல்கிறேன். இது சென்னைக்காரர்களுக்கு மட்டும் புரியும்.

2015 டிசம்பர் வெள்ளம். கரண்ட் இல்லை, பால் இல்லை, செல்போனில் ஒரு கோடு சிக்னல். அந்த ஒரு கோட்டிலும் வந்து சேர்ந்த செய்தி, வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெள்ளத்தில் தப்பிவிட்டன என்பது. பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள். ஒன்றும் தப்பவில்லை. எங்கள் குடும்பக் குழுவில் அதை எல்லாருக்கும் அனுப்பிய என் மைத்துனருக்குப் பல வருடங்கள் 'முதலை மாமா' என்று பெயர்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். பெருங்களத்தூர் நெடுங்குன்றம் சாலையில், இரவில், ஒரு முதலை ரோட்டைக் கடந்து புதருக்குள் போகிற வீடியோ வந்தது. காருக்குள்ளிருந்து எடுத்தது. குடும்பக் குழுவில் எல்லாரும் உஷாராகிவிட்டார்கள். 'பழைய புருடா', 'எடிட்டிங்', 'எந்த நாட்டு வீடியோவோ'. ஒருவர் வாட்ஸ்அப் வதந்தி பற்றி ஒரு பக்கம் எழுதியே அனுப்பினார்.

அது உண்மையான முதலை. வனத்துறைச் செயலர் சுப்ரியா சாஹுவே விளக்கம் போட்டார். சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்பு நில முதலைகள் கொஞ்சம் இருக்கின்றன, கூச்சம் உள்ளவை, மனிதர் பக்கம் வராதவை, ஏரி நிரம்பி வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது என்று.

எங்கள் குழுவில் அன்று சரியாகச் சொன்னவர் ஒருவர்தான். வண்டலூர் பக்கம் வளர்ந்தவர், பத்தாவது தாண்டாதவர். "எங்க பக்கத்து ஏரியில முதல இருக்குன்னு சின்ன வயசுலேயே சொல்லுவாங்களே" என்று ஒரு வரி போட்டார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மற்றவர்கள் 2015இல் கற்றுக்கொண்டது சந்தேகப்படுவதை. 2023க்கு வேண்டியிருந்தது ஏரியைப் பற்றிய அறிவு. எதையும் நம்பாமல் இருப்பதற்கும் எதையும் நம்புவதற்கும் உழைப்பு ஒரே அளவுதான், இரண்டுக்கும் விசாரிக்க வேண்டாம்.

(மைத்துனர் இந்த முறை வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் ஜெயித்திருப்பார்.)

ஆகஸ்ட் 20

ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வில்லிங்ஹாம் 2007இல் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. விமர்சனச் சிந்தனை என்பது சைக்கிள் ஓட்டுவது மாதிரி ஒருமுறை பழகினால் எங்கும் ஓட்டுகிற திறன் இல்லை, அந்தந்தப் பாடத்தின் அறிவோடு பின்னிக் கிடக்கிறது என்பது அவர் வாதம்.

நம் ஊருக்கு நெருக்கமான சோதனை ஒன்று உண்டு. 1973இல் சேஸ், சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் சதுரங்க வல்லுநர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரு பலகையைச் சில விநாடி மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் வல்லுநர்கள் அசத்தினார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் அவர்களுக்கும் புதியவர்களுக்கும் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பொதுவான 'மூளை பலம்' என்று ஒன்று அங்கே இல்லை, ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வடிவங்கள்தான் இருந்தன. சென்னையில் செஸ் வகுப்பு இல்லாத தெரு இல்லை. 'செஸ் ஆடினா மேத்ஸ் நல்லா வரும் மிஸ்' என்று சொல்லாத பெற்றோரும் இல்லை. செஸ் ஆடினால் செஸ் நன்றாக வரும். அதுவே பெரிய விஷயம்தானே.

ஆகஸ்ட் 23

"அப்போ எதையும் மாற்றவே கூடாதா, நீங்கள் பழைய பஞ்சாங்கம்" என்பவருக்கு.

நான் பார்த்ததிலேயே பெரிய மாற்றம் இந்த ஊரிலிருந்துதான் கிளம்பியது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் செயல்வழிக் கற்றலை ஆரம்பித்தார்கள். எம்.பி. விஜயகுமார் அப்போது மாநகராட்சி ஆணையர். ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளிக்காரர்கள் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறை அதற்கு முன்மாதிரி. 2007-08இல் மாநிலம் முழுக்க, ஒன்றிலிருந்து நான்காம் வகுப்பு வரை.

வியாசர்பாடி பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியைப் போய்ப் பார்த்தேன். பெஞ்சு இல்லை. பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேல் கம்பி கட்டி, வரைந்த படங்களைத் தொங்க விட்டிருந்தார்கள். கம்பிப் பந்தல் என்று பெயர். ஒவ்வொரு பிள்ளையும் சுவரில் இருக்கும் ஏணிப்படி அட்டையைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று கண்டுபிடித்து, முயல் படமோ பறவைப் படமோ போட்ட அடுத்த அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பொடியன் தட்டைக் குடைந்து கொண்டிருந்தான். என்னடா தேடறே என்றேன். "நான் ரெண்டு நாள் லீவு. ஆனா என் படி அப்படியே இருக்குது டீச்சர்" என்றான், ஏதோ பேங்கில் போட்ட பணம் மாதிரி. விட்ட இடத்திலிருந்து தொடர்வது அவனுக்கு உரிமை. டீச்சர் முகத்தைப் பார்த்து விடை சொல்கிற பழக்கம் அந்த அறையில் குறைவாக இருந்தது. அந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடித்தது.

ஆகஸ்ட் 24

'செயல்வழிக் கற்றல் தோல்வி, பிசா தேர்வில் தமிழ்நாடு கடைசி' என்று ஒருவர் ஒரே வரியில் கதையை முடித்திருக்கிறார்.

பிசா என்பது பல நாட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் சர்வதேசத் தேர்வு. அதன் ஒரு சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தது. கலந்துகொண்ட 74 இடங்களில் இரண்டும் கடைசிக்கு முந்தைய இரண்டு இடங்கள், கீழே கிர்கிஸ்தான் மட்டும். அதெல்லாம் சரி. ஆனால் அது 15 வயதுப் பிள்ளைகளுக்கான தேர்வு. அவர்கள் ஒன்றாம் வகுப்பு படித்தது 2000 வாக்கில். அட்டை முறை மாநிலம் முழுக்க வருவதற்குள் அவர்கள் ஏழாவது எட்டாவது போய்விட்டார்கள். அந்த மார்க் பழைய முறையின் மார்க். பழியைப் போடுவதற்கு முன்னால் வயதைக் கழித்துப் பார்க்க வேண்டாமா? கண்டக்டர் கணக்கில் காட்டிய சுறுசுறுப்பை இங்கே காட்டியிருக்கலாம்.

அட்டை முறையில் குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. அட்டையை எடுத்து வைப்பதே சடங்காகிப்போன வகுப்புகளையும் பார்த்தேன். பிள்ளை படி ஏறியது என்று பதிவேட்டில் டிக் இருக்கும், வாசிக்கச் சொன்னால் விழிக்கும். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது, எட்டு வயதுக்குள் வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிய வேண்டும் என்று. அடிப்படைக்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 27

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை ஆயிற்று. அதனால் ஒரு பழைய கதை.

1995 செப்டம்பர் 21. பிள்ளையார் பால் குடித்த நாள். மறுநாள் வகுப்பில் வேறு எதுவும் ஓடவில்லை. கேன்டீனிலிருந்து பால் வாங்கி வரச்சொல்லி, அதில் கொஞ்சம் சிவப்பு இங்க் கலந்து, மேசை மேல் இருந்த பீங்கான் பேப்பர்வெயிட்டில் ஸ்பூனின் விளிம்பு படும்படி சாய்த்துப் பிடித்தேன். பரப்பு இழுவிசையில் பால் பீங்கானோடு ஒட்டி மேலேறி, மெல்லிய படலமாக வழிந்தது. வெள்ளைப் பால் என்றால் வழிவது கண்ணுக்குத் தெரியாது. சிவப்பாக இருந்ததால் தெரிந்தது. வகுப்பே கை தட்டியது.

ஒரு பையன் மட்டும் எழுந்து, "புரிஞ்சுது மிஸ். ஆனா எங்க ஆயா பொய் சொல்லல" என்றான்.

அன்றைய வகுப்பில் நல்ல வாக்கியம் அதுதான். ஆயா பால் குறைந்ததைப் பார்த்தார். பார்த்தது உண்மை. ஏன் குறைந்தது என்பதில்தான் பேச்சு. கண்டதையும் அதற்குச் சொன்ன காரணத்தையும் அவன் பிரித்துவிட்டான், அதுவும் ஆயாவை விட்டுக்கொடுக்காமல். பகுத்தறிவு பேசுகிற பல பெரியவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி வருவதில்லை.

ஆகஸ்ட் 31

பதிலின் மறு பாதி. விடைத்தாள் திருத்தும் முகாம்.

ஏப்ரல் வெயில், ஃபேன் சுற்றும் ஆனால் காற்று வராது. தலைமைத் தேர்வாளரான சீஃப் ஒருவர், திருத்தியதைச் சரிபார்க்கும் எஸ்ஓ ஒருவர், சுற்றி நாங்கள். கையில் விடைக்குறிப்பு. கேள்வி: லென்ஸ் விதியைக் கூறு. (கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கும், அதன் திசையைச் சொல்லும் விதி.) குறிப்பில் இருக்கும் வாக்கியம்: தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் திசை, அதை உருவாக்கிய காரணியை எதிர்க்கும் வகையில் அமையும்.

ஒரு தாளில் இப்படி இருந்தது: 'காந்தத்தை உள்ளே தள்ளினால் சுருள் தள்ளிவிடும். வெளியே இழுத்தால் பிடித்து இழுக்கும். அப்படி இல்லாவிட்டால் நாம் வேலையே செய்யாமல் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், அது முடியாது.'

வரிக்கு வரி அப்படியே இல்லை, என் நினைவில் உள்ளதைச் சொல்கிறேன். விதி மட்டுமல்ல, விதிக்குப் பின்னால் இருக்கும் ஆற்றல் மாறாக் கோட்பாடும் அந்த மூன்று வரிக்குள் வந்துவிட்டது. பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்த பிள்ளை. குறிப்பில் உள்ள சொல் ஒன்றுகூட இல்லை. நான் முழு மார்க் போட்டேன். மேலே போய்ப் பாதியாகத் திரும்பி வந்தது. வாதாடினேன். "குறிப்புல இல்ல மேடம், நாளைக்குக் கேட்டா யார் பதில் சொல்றது" என்றார்கள்.

அவர்களை வில்லனாக்கவும் மனம் வரவில்லை. மாணவர் விடைத்தாள் நகல் வாங்கி மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போய், மார்க் பெரிய அளவில் மாறினால் திருத்தியவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். விடைக்குறிப்பு ஆசிரியரின் குடை. அது பிள்ளைக்கும் குடைதான். எங்கோ ராமநாதபுரத்தில் எழுதிய பிள்ளையின் தாள் சென்னையில் யார் கையில் விழுந்தாலும் ஒரே மார்க் வர வேண்டும். என் மாதிரி 'ஆஹா, யோசித்திருக்கிறான்' என்று உருகுகிற ஆளிடம் விழுந்தால் ஒன்று, தலைவலியில் இருப்பவரிடம் விழுந்தால் ஒன்று என்றால் அது நியாயமா?

அப்படியானால் குறிப்பை எடுத்துவிடுவது தீர்வில்லை. 'இந்த வாக்கியம்' என்பதற்குப் பதிலாக, 'எதிர்ப்பு என்பது வந்தால் இவ்வளவு, ஏன் எதிர்க்க வேண்டும் என்று வந்தால் இவ்வளவு, எந்தச் சொல்லில் இருந்தாலும்' என்று குறிப்பு எழுத வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், திருத்துகிறவருக்குப் பயிற்சி வேண்டும், ஒரு நாளைக்குத் திருத்தும் தாள் குறைய வேண்டும். சிந்தனைக்கு ஒதுக்க காசு இருந்தால் முதலில் அங்கே போடுங்கள் என்பேன். பரீட்சை எதற்கு மார்க் தருகிறதோ அதைத்தான் வகுப்பு நடத்தும்.

ஆகஸ்ட் 31, இரவு

மேலே சொன்னதற்கு ஒரு சாட்சி. பிளஸ் ஒன்னுக்கு 2017-18இல் பொதுத்தேர்வு வந்தது ஏன்? பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாவதை நடத்தின, அதனால். இந்த ஆண்டிலிருந்து அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைகிறது, நல்லது. பதினொன்றாவது புத்தகத்தின் மேலுறையைப் பிரிக்காமலே வருகிற பிள்ளைகளை நான் மறுபடி பார்க்கப் போகிறேனா என்பதுதான் கவலை.

செப்டம்பர் 3

வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே.

பேச்சுப் போட்டிக்கு ஒரு சிறுமியைத் தயார் செய்து தரச்சொல்லி அழைத்து வந்தார்கள். தலைப்பு பகுத்தறிவு. பெரியார், நான் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள், உங்கள் அறிவால் ஆராய்ந்து பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னவர். அந்தக் கருத்தை அப்பா எழுதிக் கொடுத்திருந்தார், பெண் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' குறளும் இருந்தது. நடுவில் நிறுத்தி, "அப்பா, இந்த வரி சரியா வரலையே, மாத்திக்கவா?" என்றாள். "எழுதிக் கொடுத்ததைச் சொல்லு, அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே" என்றார்.

பரிசு கிடைத்தது.

செப்டம்பர் 7

கட்டணத்தைக் கட்டவா வேண்டாமா என்று நங்கநல்லூர்க்காரர் நேராகவே கேட்டுவிட்டார். கட்டாவிட்டால் பள்ளி விடாது, கட்டுங்கள். ஆனால் ஒன்று விசாரியுங்கள்: அந்தப் பீரியடை எடுப்பவர் உங்கள் மகளுக்கு வேறு பாடமும் நடத்துகிறாரா? அறிவியல் டீச்சரே எடுத்தால் ஏதாவது ஒட்டும். வெளியிலிருந்து வாரம் ஒருமுறை ஒருவர் வந்து பைலோடு திரும்பிப் போனால், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

சாட்ஜிபிடி, ஜெமினி பற்றிக் கேட்டவருக்கு: பிள்ளைகள் அதில் விடை எடுத்துக்கொண்டு வருகிறார்கள், நான் தடுப்பதில்லை. 'இதில் எந்த வரி தப்பு என்று கண்டுபிடி' என்கிறேன். பாடம் படித்தவன் கண்டுபிடிக்கிறான். படிக்காதவன் 'எல்லாமே நல்லா எழுதியிருக்கு மிஸ்' என்கிறான்.

செப்டம்பர் 14

கண்டக்டர் விவகாரத்துக்குப் பிறகு ஸ்லிப் டெஸ்ட்டில் எப்போதாவது ஒரு கேள்வியை வேண்டுமென்றே அரைகுறையாக வைக்கிறேன். 'தகவல் போதாது' என்று எழுதினால் முழு மார்க். ஒரு அம்மா வந்து, ட்யூஷன் மிஸ்ஸுக்கே கேள்வி சரியாக எடுக்கத் தெரியவில்லையா என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். அது பரவாயில்லை.

பிள்ளைகள் என்னைவிட வேகம். இப்போது கணக்கு வராத இடத்திலெல்லாம் 'தகவல் போதாது' என்று எழுதுகிறார்கள். நேற்று நேர்விகிதக் கணக்கு, எல்லாத் தகவலும் பலகையில் இருக்கிறது, பாதி வகுப்பு தகவல் போதாது என்கிறது. அந்தப் பின்வரிசைப் பெண் அதற்கும் ஸ்டெப் மார்க் கேட்டாள்.

எனவே விதி மாறிவிட்டது. எந்தத் தகவல் போதாது, அது கிடைத்தால் விடையை எப்படிக் கண்டுபிடிப்பாய், இரண்டும் எழுதினால்தான் மார்க். நாளைக்குப் பத்தாவது பிள்ளைகளுக்கு ஓம் விதிக் கணக்கில் மின்னழுத்தத்தை மட்டும் தூக்கிவிட்டுக் கொடுக்கப் போகிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் என்ன எழுதினார்கள் என்று போடுகிறேன்.